பொதிகை வானில் பறக்கும் தட்டா?

திருநெல்வேலிக்குப் பிரயாணம் என்றால் நம்மவர்கள் மூட்டை கட்டும்போதே பட்டியலும் போட்டுவிடுவார்கள். நெல்லையப்பர், காந்திமதி அம்மன் தரிசனம். பாபநாசத்தில் ஒரு முழுக்கு. சாரல் காலமானால் குற்றாலம். ரயில் ஏறும் முன் ஒரு கிலோ அல்வா. இந்தப் பட்டியலில் ஆகாயத்துக்கு இடம் இருப்பதில்லை. "ஆகாயம்தான் எங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறதே! அதைப் பார்க்க ரயில் சார்ஜ் வேறு கொடுக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பட்டணத்து மொட்டை மாடியில் தெரிவது தெருவிளக்கின் வெளிச்சம் பூசிய புகைமூட்டம். அதில் பதினைந்து நட்சத்திரம் எண்ணி முடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும்.

இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி. பகலிலேயே போக விரும்பினால் 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. இந்தத் தடவை புறப்படும்போது ஒரு கேள்வியையும் மூட்டையில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பூமியைத் தவிர வேறெங்காவது உயிர் உண்டா? அங்கிருந்து யாராவது பறக்கும் தட்டில் ஏறி நம்மை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களா? குழந்தைகள் கேட்கும் கேள்விதான். ஆனால் பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு விடை தேடும் வேலையில் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஆச்சி கண்ட கொள்ளிவாய்

பறக்கும் தட்டு என்ற பெயர் 1947-ல் பிறந்தது. அந்த ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி கென்னத் அர்னால்டு என்ற அமெரிக்கர் தம் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது, மலைகளுக்கு மேலே ஒன்பது பொருள்கள் பளபளத்துக்கொண்டு விரைவதைக் கண்டார். தண்ணீரில் தட்டை வீசினால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ, அப்படிப் போயின என்றார். பத்திரிகைக்காரர்கள் 'தட்டு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் உலகமெங்கும் மக்கள் ஆகாயத்தில் தட்டு தட்டாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நம் சீமைக்கு இது புதிதல்ல. குளத்துக்கரையிலும் வயல்காட்டிலும் இரவில் சட்டென்று பற்றி அணையும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து ஆச்சிமார்கள் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்றார்கள். சேற்றில் மக்கும் இலை தழைகளிலிருந்து எழும் வாயு என்று படித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். இன்று வானத்தில் ஒரு வெளிச்சம் அசைந்தால் பேரப்பிள்ளைகள் 'வேற்றுக் கிரகவாசி' என்கிறார்கள். ஆச்சி கண்டதும் பொய்யல்ல, பேரன் கண்டதும் பொய்யல்ல. கண்டதற்கு அவசரப்பட்டு வைத்த பெயரில்தான் கோளாறு.

2023 ஜூலையில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு கடற்கரையில், காவல் துறையின் உயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வானில் இனம் தெரியாத பொருள்களைக் கண்டதாகப் புகைப்படத்துடன் வெளியிட்டார். ஊரெங்கும் அதே பேச்சாக இருந்தது. துப்புத் துலக்கிப் பழகிய கண்களுக்கே வானம் இப்படிப் புதிர் போடுகிறது என்றால் நம்மைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அதைவிட ஸ்வாரஸ்யமானது லடாக்கில் நடந்த சம்பவம். 2012-ல் சீன எல்லையில் காவல் காத்த நம் ஜவான்கள், ஏரிக்கு மேலே மஞ்சள் ஒளியுடன் பொருள்கள் எழும்பி மெல்ல நகர்வதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். எதிரியின் வேவு விமானமோ என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார்கள். சில மாதங்களில் கணக்கு முந்நூறைத் தாண்டிவிட்டது! கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்தாரை அழைத்தார்கள். அவர்கள் நேரத்தையும் திசையையும் ஒத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். உயரமான இடத்தின் தெளிந்த காற்றில் கிரகங்கள் அவ்வளவு பிரகாசமாகத் தெரிந்திருக்கின்றன. விடிவெள்ளி பார்த்து எழுந்து சாணம் தெளித்துக் கோலம் போட்ட நம் பாட்டிமார்களில் ஒருத்தி அங்கே இருந்திருந்தால், பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

நெல்லையிலும் இப்படி ஏமாறுவதற்குச் சந்தர்ப்பங்கள் ஏராளம். தூத்துக்குடி சாலையில் வாகைகுளத்தில் விமான நிலையம் இருக்கிறது. இறங்க வரும் விமானம் உங்களை நோக்கி நேராக வந்தால், அதன் முகவிளக்கு வெகு நேரம் ஒரே இடத்தில் தொங்குவது போலத் தோன்றும். விஜயநாராயணத்தில் கடற்படையின் 'கட்டபொம்மன்' நிலையம் இருக்கிறது. கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப, அங்கே 471 மீட்டர் உயரக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். இந்தியாவில் இவற்றை மிஞ்சிய கட்டுமானம் இல்லை. பணகுடிப் பக்கம் போனாலோ காடு காடாகக் காற்றாலைகள். உயரமான கட்டுமானங்களில் விமானங்களுக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு விளக்கு வைப்பது வழக்கம். கம்பம் இருட்டில் மறைந்துவிடும். விளக்கு மட்டும் அந்தரத்தில் நிற்கும். 2019 முதல் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்று கும்பல் கும்பலாக ஏவும் 'ஸ்டார்லிங்க்' துணைக்கோள்கள், ஏவிய சில நாட்களுக்கு ரயில் பெட்டிகளைப் போல வரிசையாக வானில் ஊர்ந்து செல்லும். மொத்தத்தில், ஆகாயம் நமக்கு அல்வா கொடுக்கிறது. அதையும் திருநெல்வேலியில் வைத்தே கொடுக்கிறது!

சிலைக்குப் பக்கத்தில் வானத்துக்குக் காவல்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலத்துச் சிற்பங்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நகக்கண்ணும் புடைத்த நரம்பும் தெரியும்படி கல்லைக் குழைத்திருக்கிறான் சிற்பி. தட்டினால் ஓசை எழுப்பும் கற்களும் உண்டு. சிலைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்களுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் மற்றோர் ஆறு ஓடுகிறது!

கதையல்ல. பூமி ஒரு பெரிய காந்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் காந்தத்தின் நடுக்கோடு திருநெல்வேலிச் சீமைக்கு மிக அருகே செல்கிறது. மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்ட காந்த ஊசி, இங்கே ஏறக்குறைய மட்டமாகப் படுத்துவிடும். இந்தக் கோட்டை ஒட்டி, பகல் நேரத்தில் வானத்தின் மேலடுக்கில் பலத்த மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. கீழே தாமிரபரணியும் கிழக்கே, மேலே மின்னாறும் கிழக்கே!

இதைக் கவனிப்பதற்காகவே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிறது. 1990-களிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே வீசும் காற்றையெல்லாம் அளந்துவருகிறார்கள். இரவிலோ முழு வானத்தையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கும் காமிரா விழித்திருக்கும். அமாவாசை இருட்டில்கூட வானம் முழுக் கறுப்பல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா? பகலெல்லாம் வெயில் குடித்த பிராணவாயு அணுக்கள், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாகவும், இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் சிவப்பாகவும் மங்கி ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியில் அலைகள் ஓடுவதையும் கறுப்புப் பட்டைகள் நகர்வதையும் காமிரா படம் பிடிக்கிறது. வானொலிச் செய்திகளையும் துணைக்கோள் வழிகாட்டிகளையும் குழப்பிவிடுபவை இந்தப் பட்டைகளே.

இரவெல்லாம் கண் கொட்டாமல் வானத்தைப் பார்த்திருக்கும் இடம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சமாசாரம். உலகத்தில் இதுபோல எத்தனையோ காமிராக்கள், ரேடார்கள், தொலைநோக்கிகள். அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை வந்த 12,618 புகார்களை விசாரித்தது. அவற்றில் 701-க்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்றால் விருந்தாளி வந்தார் என்று பொருளாகாது. போதுமான தகவல் இல்லை என்றுதான் பொருள். 2023 செப்டம்பரில் நாஸா அமைத்த நிபுணர் குழுவும், 2024 மார்ச்சில் அமெரிக்க ராணுவத் தலைமையகமும் அறிக்கை வெளியிட்டன. வேற்றுலகத்தார் வந்ததற்குச் சான்று இல்லை என்பதே இரண்டின் முடிவும்.

அனுமான் தாவிய மலை

வாசல் தேடி யாரும் வரவில்லை. சரி, நாமே தேடிப் போனால் என்ன? நாகர்கோவில் சாலையில் தெற்கே போங்கள். பணகுடியை நெருங்கும்போது மேற்கே சுவர் போல எழுந்து நிற்கிறது மகேந்திரகிரி. அனுமான் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று ஊரார் சொல்வார்கள். அதே மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. ஆனால் இங்கே நடக்கும் காரியம் என்ன தெரியுமா? ராக்கெட் இன்ஜின்களைத் தரையில் கெட்டியாகக் கட்டிப்போட்டு எரிய விட்டு, குணம் குற்றம் பார்த்து அனுப்புகிறார்கள். திரவ ஹைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில் இருக்கும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அதற்கு முன்னால் அடுப்பு!

2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியபோது தொலைக்காட்சிக்கு முன்னால் நாமெல்லோரும் கைதட்டினோம். அதைச் சுமந்து போன ராக்கெட்டின் திரவ இன்ஜின்கள் மகேந்திரகிரியின் பரீட்சையில் தேறியவை. 2013 நவம்பர் 5-ல் மங்கள்யானை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருந்த 'விகாஸ்' இன்ஜினும் இங்கே சோதித்துப் பார்க்கப்படும் இனம். அந்த மங்கள்யான் செவ்வாய்க்குக் கொண்டுபோன ஐந்து கருவிகளில் ஒன்று, அங்கே மீதேன் வாயு உண்டா என்று தேடுவதற்கானது. ஏன் மீதேன்? பூமியில் அதில் பெரும் பங்கு உயிர்களோடு சம்பந்தப்பட்டது. சேற்றில் மக்கும் தழையிலிருந்து எழுவதும் அதுவே. ஆச்சியின் கொள்ளிவாய் வாயுவைத்தான் நம்மவர்கள் செவ்வாயில் மோப்பம் பிடிக்கப் போனார்கள்! தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

இன்னும் ஒன்று. திருச்செந்தூருக்குத் தெற்கே, தசரா வேஷங்களுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகாதபடி வளைந்து செல்ல வேண்டும். குலசையிலிருந்து நேராகப் போகலாம், எரிபொருள் மிச்சம். அந்தி நேரத்தில் ராக்கெட் ஏறினால் தரையில் இருட்டிய பிறகும் உயரத்தில் அதன் புகை மேல் வெயில் பட்டு, வானத்தில் ஒரு பூதம் விரிவது போலத் தெரியும். 2022 டிசம்பர் 15-ல் நம் அக்னி-5 ஏவுகணைச் சோதனை நடந்த மாலையில் மேற்கு வங்காளத்தில் அப்படியொரு ஒளியைப் பார்த்துவிட்டு மக்கள் பறக்கும் தட்டு என்று பரபரத்தார்கள். நாளைக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையிலும் அந்தப் பரபரப்பு வரலாம். அன்றைக்கு நீங்கள் பதறாமல் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம்.

அகஸ்தியர் வீட்டு வானம்

இனி மேற்கே பாபநாசம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் பொதிகை. 1,868 மீட்டர் உயர அகஸ்தியர் சிகரத்தின் பக்கத்திலிருந்து இறங்கும் தாமிரபரணி, நூற்று இருபத்தெட்டுக் கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் பக்கத்தில் கடலில் கலக்கிறது. மலையில் குடியிருக்கும் முனிவருக்கு வானத்திலும் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். தை, மாசி மாதங்களில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெள்ளையாக ஜொலிப்பது அகஸ்திய நட்சத்திரம். சூரியனைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வெளிச்சம் உள்ளது. இன்று உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி, ஏறக்குறைய பூலித்தேவர் பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது!

வைகாசியில் வந்தால் மற்றோர் அதிர்ஷ்டம். இரவு பத்து மணிக்கு மேல் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பெரிய நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடது பக்கத்தது ஆல்பா செண்டாரி. நம் சூரியனுக்கு அடுத்த வீட்டுக்காரர். லண்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, திருநெல்வேலியில் தெரியும். இதன் கூட்டாளியான பிராக்ஸிமா என்ற மங்கல் நட்சத்திரத்தைப் பூமியை ஒத்த ஒரு கிரகம் சுற்றுவதாக 2016-ல் கண்டுபிடித்தார்கள். கிரகங்கள் நம் சூரியக் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. வெளியே இதுவரை கண்டுபிடித்தவை 2025-லேயே ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன. நம் நட்சத்திர மண்டலத்தில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் சூரியன்கள். எங்கோ ஒரு மூலையில் உயிர் துளிர்த்திருக்காது என்று யார் அடித்துச் சொல்ல முடியும்?

ஆனால் தூரத்தை யோசியுங்கள். அடுத்த வீட்டுக்காரரான பிராக்ஸிமாவிலிருந்து ஒளி வந்து சேரவே நாலேகால் ஆண்டு. 1977-ல் புறப்பட்டு விநாடிக்குப் பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர்-1 அந்தத் தூரத்தைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். எதிர் வீட்டுக்குச் சர்க்கரை கடன் கேட்கப் போய்த் திரும்புகிற காரியமில்லை இது.

அதனால் விஞ்ஞானிகள் கிரகங்களின் காற்றைத் தூரத்திலிருந்தே சோதிக்கிறார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பணிபுரியும் நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டு தூரத்துக் கிரகம் ஒன்றில், பூமியில் கடல்பாசி வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவின் சாயல் தெரிவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். வேறு குழுவினர் ஆதாரம் போதாது என்று மறுத்தார்கள். இந்த வாதப் பிரதிவாதமே நல்ல லட்சணம். நம் பொதிகைக்கு மேற்கேயும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. 2001 ஜூலையில் கேரளத்தில் கோட்டயம் பக்கம் சிவப்பு மழை பெய்தது. வானத்திலிருந்து வந்த அன்னிய உயிரணுக்கள் என்று இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. மழைநீரைச் சோதித்த மற்றவர்கள், மரப்பட்டையில் படரும் உள்ளூர்ப் பாசியின் வித்துக்கள் என்று காட்டினார்கள். உயிர் அதிசயம் கேட்டு வானத்தைப் பார்த்தோம். அது நம் தோட்டத்து மரத்திலிருந்து வந்தது.

ஆற்றங்கரையில் ஒரு வார்த்தை

சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டும்போது, கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகத் தவறாதீர்கள். பிள்ளை ஓடிவந்து, "அம்மா, பறக்கும் தட்டு!" என்றால் சிரிக்காதீர்கள், "சும்மா இரு" என்றும் அதட்டாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். எந்தத் திசையில் பார்த்தாய்? எத்தனை மணிக்கு? நகர்ந்ததா, நின்றதா? மினுக்கியதா, ஒரே சீராக எரிந்ததா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். லடாக்கில் புதிரை அவிழ்த்தது இதே குறிப்புப் புத்தகம்தான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேற்றுலகில் உயிரைத் தேடும் விஞ்ஞானிகள் முதலில் தேடுவது தண்ணீரை. நிலவிலே ஒரு துளி, செவ்வாயிலே ஓர் ஈரம் என்று கோடி கோடியாகச் செலவழித்துத் தேடுகிறார்கள். இங்கே பொதிகையிலோ கோடையிலும் தாமிரபரணி வருகிறது. 2016-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,200-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களும் பெரணி வகைகளும் உண்டு. வேறெங்கும் வளராதவை அவற்றில் சில நூறு. உயிர் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த கிரகம் இதுவரை ஒன்றே ஒன்று. அதிலும் இவ்வளவு செழிப்பான மூலை அபூர்வம்.

அப்பேர்ப்பட்ட ஆற்றில், பாபநாசத்தில் முழுக்குப் போட்டவர்கள் பாவம் போகட்டுமென்று கட்டிய துணியை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். துணி மக்காது, பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு மீனையும் ஆற்றையும் மூச்சுத் திணற வைக்கிறது. அள்ள அள்ள மறுபடியும் சேருகிறது. அடுத்த முறை பாபநாசம் போகும்போது ஒரு பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முழுக்குப் போடுங்கள், அகஸ்தியரைக் கும்பிடுங்கள், இரவில் அவர் நட்சத்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஈரத்துணியை மட்டும் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.